துரைக்கண்ணுவின் மிஸ்டு கால்

செத்துப்போன துரைக்கண்ணுவின் நம்பரிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றபோது மணி காலை ஒன்பது.

போன் அஞ்சம்மாளின் மடியில் இருந்தது. திரையில் அந்த நம்பரை நானும் பார்த்தேன், அம்பிகா அக்காவும் பார்த்தார். அஞ்சம்மாள் போனை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"யாரும்மா அது?" என்றார் அக்கா.

"கம்பெனிக்காரங்க. சிம்மு மாத்து, சிம்மு மாத்துன்னு பேஜாரு பண்ணிகினே இருக்காங்க."

"இந்த நம்பர்ல இருந்து அடிக்கடி வருதா?"

"இல்லியே. இன்னிக்குத்தான்."

பொய். ஐந்து நாளாகத் தினமும் இரண்டு தடவை வருகிறது என்பதற்கு என் சட்டைப்பையிலேயே அத்தாட்சி இருந்தது. பெற்ற மகள் காணாமல் போய் ஆறு நாள் ஆகிறது. தேடித் தருகிறோம் என்று வந்தவர்களிடம் ஒரு தாய் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

என் பெயர் தேவா. விழுப்புரம் கிழக்கு பாண்டி ரோட்டில், ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில் இருக்கும் 'அம்பிகா துப்பறியும் நிலைய'த்தின் மொத்த ஊழியர் கூட்டமும் நான்தான். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். அன்றைக்குத் திண்டிவனத்தில் காலடி வைத்ததிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

காணாமல் போனவள் கலைப்பிரியா. வயது இருபத்து நான்கு. நேரு வீதியில் ஒரு செல்போன் கடையில் வேலை. தென்றல், வானம் என்று இரண்டு கம்பெனிகள் இருந்த காலத்தில் அந்த வீதியில் எதிரெதிரே இரண்டு கடைகள் இருந்தன. ஒரு கடைக்காரன் முறைத்தால் எதிர்க்கடைக்குப் போய்விடலாம். தென்றலை வானம் விழுங்கிய பிறகு இரண்டு கடைக்கும் கோகுலகிருஷ்ணனே முதலாளி. இப்போது அவர் முறைத்தால் அந்த முறைப்பையும் வாங்கிக்கொண்டு, ஏற்றிய விலைக்கு ரீசார்ஜும் செய்துகொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அந்தக் கோகுலகிருஷ்ணன்தான் எங்களைத் தேடி வந்தவர். கலைப்பிரியா தன் தங்கச்சி மாதிரி என்று கண் கலங்கினார். போலீஸ் 'எவனோடயாவது போயிருக்கும்' என்று சொல்லிவிட்டதாம். அவள் போன் சனிக்கிழமையோடு அணைந்துவிட்டது. "அதுக்கப்புறம் அவ அம்மாவுக்கு மட்டும் ஒரு நம்பர்லருந்து மிஸ்டு கால் வருது சார். அது துரைக்கண்ணுன்னு ஒரு ஆளோட நம்பரு. அவரு செத்து மூணு வருஷம் ஆவுது," என்று சொல்லி ஒரு காகிதத்தைக் கொடுத்தார். நாள், நேரம் எல்லாம் சுத்தமாக அச்சடித்திருந்தது.

அந்தக் காகிதத்தைப் பேருந்து நிலையம் எதிரே டீக்கடை பெஞ்சில் விரித்து வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தார். பதினோரு வருடம் கோர்ட்டில் டைப் அடித்தவர். தாளைப் பார்த்தால் முதலில் பிழையைத்தான் தேடுவார்.

"ஞாயிறு ஒன்பது, மூணு. திங்கள் ஒன்பது, மூணு. செவ்வாய் ஒன்பது ஐம்பத்திரண்டு, மூணு. புதன், வியாழன் மறுபடியும் ஒன்பது, மூணு," என்று படித்தார். "தேவா, செவ்வாய்க்கிழமை மட்டும் பேய் ஏன் லேட்டு?"

"முதல் பஸ்ஸ வுட்டிருக்கும்க்கா."

"துரைக்கண்ணு உசுரோட இருந்தப்போ இன்னா வேலை பாத்தாரு?"

"மோட்டார் மெக்கானிக்குன்னு சொன்னாரே கோகுலகிருஷ்ணன். கெணத்து மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டுற ஆளு."

அக்கா டீயைக் கீழே வைத்தார். "எங்கப்பா கண்டமங்கலத்துல வெவசாயம் பண்ணவரு. ஒன்பது மணிக்கு எங்க இருந்தாலும் வயலுக்கு ஓடுவாரு. மூணு மணிக்குத் திரும்பிடுவாரு. ஏன்னு சொல்லு."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மோட்டாருக்கான மும்முனை மின்சாரம். த்ரீ பேஸ் கரண்ட் என்பார்களே, அது எங்கள் பக்கத்து வயல்களுக்கு ஒன்பதுக்கு வரும், மூன்றுக்குப் போகும். மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். கரண்ட் வந்தால் பெட்டி தானாகவே வயல்காரர் போனுக்கு ஒரு ரிங் கொடுக்கும், போனால் ஒரு ரிங். வயல்காரர் வீட்டில் இருந்தபடியே போன் போட்டு மோட்டாரை ஓட்டலாம்.

"அப்போ பேயில்ல, பெட்டி," என்றேன். பாதி பயம் போனது.

"பெட்டிதான். துரைக்கண்ணு மொத்தமா சிம் வாங்கி, எல்லாத்தையும் தன் பேர்லயே போட்டு, ஊர் ஊரா மாட்டிட்டுப் போயிருப்பாரு. அதான் கடைக் கணக்குல தேடினா செத்தவன் பேருதான் வருது. எந்த வயல்னு வராது. ஆனா அஞ்சம்மாளுக்கு வயலே இல்ல. அவங்க நம்பரை அந்தப் பெட்டில ஒருத்தர் சேத்திருக்கணும். கலைப்பிரியா காணாமப் போனதுக்கு அப்புறம் சேத்திருக்கணும்."

போன பாதி பயம் உடனே திரும்பி வந்தது. ஒரு மோட்டார் கொட்டகைக்குள் அந்தப் பெண்ணை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமைத் தாமதம்தான் எங்களுக்கு வழி காட்டியது. மின்வாரிய ஆபீஸ் வாசலில் ஒரு லைன்மேனைப் பிடித்தோம். எந்த லைனில் செவ்வாய் காலை கரண்ட் தாமதம் என்று அக்கா கேட்டார்.

"திருவக்கரை லைனுதாம்மா. பனை மட்டை வுழுந்து கம்பி அறுந்துடுச்சி. நான்தான் ஏறிக் கட்டினேன். பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கசொல்ல கரண்டு குடுத்தோம்."

"அந்தப் பக்கம் துரைக்கண்ணு மாட்டுன பெட்டி இருக்கா?"

"நாலு இருக்குது. ஆனா போனா எனக்குப் போன் பண்ணாதீங்க, எடுக்காது. முன்ன ரெண்டு கம்பெனி டவர் இருந்துச்சி, ஒண்ணு இல்லன்னா ஒண்ணு எடுக்கும். ஒண்ணா சேந்ததும் ஒரு டவர் போதும்னு வானத்தோடத நிறுத்திட்டானுங்க. மிச்சம் இருக்கிற தென்றல் டவருல பழைய தென்றல் சிம்மு மட்டுந்தான் வேலை செய்யும். சொன்ன பேச்சு கேட்டு சிம்மு மாத்தினவனுக்கெல்லாம் அங்க சிக்னலே இல்ல."

நாலு வயல்களுக்கும் வழி கேட்டுக்கொண்டோம். மயிலம் ரோட்டில் பைக்குக்குப் பெட்ரோல் போட அக்கா வரிசையில் நின்றார். அந்த இரண்டு நிமிடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கோகுலகிருஷ்ணனுக்குப் போன் போட்டு, எந்தெந்த வயல் என்று அடையாளம் சொல்லி, பொண்ணு இருக்கிற இடம் தெரிந்துவிட்டது சார் என்று சொன்னேன். நல்ல செய்தியைச் சொல்லி நல்ல பெயர் வாங்க ஆசை. அக்காவிடம் சொல்லவில்லை.

அன்று பௌர்ணமி. திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயில் வாசலில் இப்போதே வேன்கள் நின்றன, பந்தோபஸ்துக்குப் போலீஸ் வந்திருந்தது. கோயிலைத் தாண்டியதும் என் போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்து, கல்மரப் பூங்கா பக்கம் போனபோது சுத்தமாக இல்லாமல் போனது. அவசரத்துக்கு நூறு போட்டுப் பார்த்தேன். அதுவும் போகவில்லை. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது.

முதல் மூன்று வயல்களில் ஒன்றுமில்லை. நாலாவது, ரோஜா என்ற அம்மாளின் வயல். நாங்கள் போனபோது மணி இரண்டு. வேப்பமரத்தடியில் பதினோரு பெண்கள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து, பிடுங்கிய நிலக்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் மோட்டார் கொட்டகை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மோட்டாரும் ஒரு சாக்கும் தவிர யாருமில்லை.

ரோஜா இடுப்பில் கை வைத்து வழியை மறித்தார். "இன்னா வேணும்?"

அக்கா அவரைப் பார்க்காமல், வட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார். "இந்தப் பெட்டில அஞ்சம்மாள் நம்பரை யாரு சேத்தது?"

பத்துப் பேர் தலை நிமிர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் நிமிரவில்லை. அக்கா நேராக அவளிடம் போய்க் குந்தினார். "பயப்படாத கலை. உன்ன யாரும் கட்டி வெக்கல. நீயா வந்து ஒளிஞ்சிகினு இருக்கற. அதான?"

அவள் துண்டை விலக்கினாள். கோகுலகிருஷ்ணன் காட்டிய போட்டோவில் பார்த்த முகம், வெயிலில் கறுத்திருந்தது. கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேகமாகச் சொன்னாள். கம்பெனி மாறச் சம்மதம் என்று வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் ஒரு படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். அவள் முதலாளி யாரிடமும் கேட்கவில்லை. கடைக்குள் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தானே கைநாட்டு வைத்துவிட்டார். சம்மதம் என்று கணக்கு காட்டியதும் ஊருக்கு ஒரு டவர் போதும் என்று மற்றதை நிறுத்த ஆரம்பித்தார்கள். மரக்காணம் பக்கம் கடலுக்குப் போனவர்கள் கரைக்குப் போன் போட முடியவில்லை. ரோஜாவின் மருமகளுக்கு வலி எடுத்த அன்றைக்கு ஆம்புலன்சுக்குச் சொல்லச் சிக்னல் இல்லாமல் டிராக்டரில் கொண்டுபோனார்கள். கடைக்குப் புகார் சொல்ல வந்தவர்களிடம் 'வேற எங்க போவ, போ' என்றாராம் கோகுலகிருஷ்ணன்.

"அந்தச் சம்மத பாரத்தை எல்லாம் எடுத்துகினு வந்துட்டேன். துரைக்கண்ணு பேர்லயும் ஒண்ணு இருக்குது. போன மாசத் தேதி போட்டு கைநாட்டு வெச்சிருக்காங்க. செத்தவரு எப்படிங்க வெப்பாரு? ரெண்டு கம்பெனியும் சேந்ததுல ஜனங்களுக்கு இன்னா கஷ்டம்னு கேக்க இன்னிக்கு நாலு மணிக்கு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை. அங்க குடுத்துட்டா எனக்குப் பயமில்ல. என் போனைத் தொட்டா எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அதான் பெட்டில அம்மா நம்பரைப் போட்டேன். ஒன்பதுக்கும் மூணுக்கும் அடிச்சா நான் உசுரோட இருக்கேன்னு அர்த்தம், எடுக்காத, யார்கிட்டயும் சொல்லாதன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தாள். "ஆமா, மிஸ்டு கால் வர்றது உங்களுக்கு யாரு சொன்னது?"

"உங்க முதலாளி," என்றேன்.

"அம்மா அவர்கிட்ட சொல்லவே மாட்டாங்களே."

அக்கா என் சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை உருவினார். அவர் முகம் வெளுத்ததை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். "தாய் நமக்கே சொல்லல. அப்போ அம்மாவோட போனுக்கு எது வருதுன்னு அவன் கடையிலருந்தே பாத்துகினு இருந்திருக்கான். அவனால பெட்டியக் கண்டுபிடிக்க முடியல. அதுக்குத்தான் நம்ம. தேவா, நல்லவேளை, நாம இங்க வர்றது அவனுக்குத் தெரியாது."

"தெரியும்க்கா," என்றேன். "நான்தான் சொன்னேன்."

கிழக்கே வண்டித் தடத்தில் செம்மண் புழுதி எழும்பியது. ஒரு வெள்ளைக் கார், இன்னும் ஐந்து நிமிடத் தூரம்.

"ரோஜாம்மா, உங்ககிட்ட பட்டன் போன் இருக்கா?"

"இருக்குது. புது சிம்மு போட்டதுலருந்து டார்ச்சு லைட்டுக்குத்தான் வெச்சிருக்கேன்."

அக்கா ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து துரைக்கண்ணுவின் சிம்மைக் கழற்றி அந்த பட்டன் போனில் போட்டார். ஒரு கோடு சிக்னல் வந்தது. அந்தக் காட்டில் உயிரோடிருந்த ஒரே இணைப்பு செத்தவருடையது. கோயில் பந்தோபஸ்தில் இருந்த பெண் இன்ஸ்பெக்டரின் நம்பர் அக்காவுக்கு மனப்பாடம், கோர்ட்டில் பழக்கம். இரண்டே வரியில் சொன்னார். ஜீப்பைச் சுற்றி ஜனம், வெளியே எடுக்கக் கால் மணி நேரமாவது ஆகும் என்று பதில் வந்தது.

"கலை, துண்டைக் கட்டிக்க. மல்லாட்டை ஆய். என்ன நடந்தாலும் எழுந்திருக்காத," என்றார் அக்கா. ரோஜா கொட்டகைக்குள் போய், பாரங்களை ஒளித்து வைத்திருந்த சாக்கின் மேல் இரண்டு கூடை மல்லாட்டையைக் கொட்டி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். பெயர் சுதாகர் என்று தானாகவே சொன்னான். குரலில் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது.

"டிடெக்டிவ் மேடம்தான? முதலாளி விழுப்புரத்துல விசாரணைக்குப் போயிட்டாரு. பொண்ணைக் கூட்டினு வரச் சொன்னாரு. போட்டோ அனுப்பறேன்னாரு, இங்க சிக்னல் இல்லாம அது சுத்திகினே இருக்குது. பரவால்ல, அடையாளம் காட்ட ஆளை இட்டுகினு வந்திருக்கோம்."

பின் கதவைத் திறந்தான். அஞ்சம்மாள் இறங்கினார். காலில் செருப்பு இல்லை. வீட்டு வாசலில் செருப்பு மாட்டக்கூட விடாமல் ஏற்றியிருக்கிறார்கள்.

"தப்பான துப்பு சுதாகர்," என்றார் அக்கா. "இங்க அந்தப் பொண்ணு இல்ல. நேத்தே பாண்டிச்சேரி பஸ் ஏறிடுச்சாம்."

"இருக்கட்டும் மேடம். அம்மா பாத்துட்டுச் சொல்லட்டும். அம்மா, உங்க பொண்ணு மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல. பாத்தா கூப்பிடுங்க. கூப்பிடலன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

அஞ்சம்மாள் கொதிக்கிற மண்ணில் நடந்து வட்டத்தைச் சுற்றினார். சுதாகர் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் பெண் முன்னால் நின்று குனிந்து பார்த்தார். இரண்டாவது பெண்ணைப் பார்த்தார். ஏழாவதாக உட்கார்ந்திருந்தாள் கலைப்பிரியா. பைக் சாவி என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது, ஓடவா அடிக்கவா என்று தெரியவில்லை.

அஞ்சம்மாள் ஏழாவது முகத்துக்கும் குனிந்தார். ஆறு நாள் கழித்து மகள் முகத்தைப் பார்க்கிறார். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே நேரத்தைத்தான் அவளுக்கும் கொடுத்தார், ஒரு விநாடி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எட்டாவது பெண்ணிடம் போய்விட்டார். கலைப்பிரியாவின் விரல்கள் ஆய்ந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் அவள் காயைத் தூர எறிந்துவிட்டு, வெறும் செடியைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து உட்கார்ந்திருந்த பெண் சத்தமில்லாமல் தன் கூடையை அதன் மேல் நகர்த்தி வைத்தாள்.

பதினோரு பேரையும் பார்த்துவிட்டு அஞ்சம்மாள் நிமிர்ந்தார். "இதுல என் பொண்ணு இல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? இல்ல. கால் சுடுது, போலாம்."

தானாகவே நடந்து போய்க் காரில் ஏறிக்கொண்டார். எவ்வளவு சீக்கிரம் கார் கிளம்புகிறதோ அவ்வளவு நல்லது என்று அவர் கணக்குப் போட்டது எனக்குப் புரிந்தது. சுதாகர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான், மல்லாட்டை மேல் உட்கார்ந்திருந்த ரோஜாவைப் பார்த்தான், ரோஜா அவனைப் பார்த்தார். அவன் ஏறிக் கதவைச் சாத்தினான். கார் திரும்பியது.

கலைப்பிரியா எழப் போனாள். அக்கா அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "கண்ணுக்கு மறையட்டும்."

"அம்மாவை இன்னா பண்ணுவாங்க? சொல்லுங்கக்கா, இன்னா பண்ணுவாங்க?"

அக்கா இன்ஸ்பெக்டருக்கு மறுபடியும் போன் போட்டு, வெள்ளைக் காரில் தாயை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்றார். கோயிலைத் தாண்டாமல் அந்தக் கார் போக வழியில்லை என்பது மட்டும்தான் எங்கள் நம்பிக்கை. அதற்கு முன்னால் எங்காவது நிறுத்தினால்? நான் என்னையே சபித்துக்கொண்டேன். பதினோரு பேரும் ஆய்வதை நிறுத்திவிட்டு அந்த பட்டன் போனையே பார்த்தார்கள். பத்து நிமிடம். பன்னிரண்டு. யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், வண்டிய மடக்கிட்டோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு பேரும் ஜீப்புல இருக்கானுங்க. அந்தம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வாயே தொறக்க மாட்டேங்குறாங்க. பொண்ணு எங்கன்னு கேட்டா, எனக்குப் பொண்ணே கெடையாதுன்னு சாதிக்கிறாங்க. நாங்களும் அவனுங்க ஆளுன்னு நெனக்கிறாங்க போல. இந்தாங்க, நீங்களே பேசுங்க."

அக்கா போனைக் கலைப்பிரியாவிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அம்மா. நான்தாம்மா. இனிமே பயமில்ல. நான் விழுப்புரம் கெளம்பறேன்."

அந்தப் பக்கம் கோயில் மேளச் சத்தமும் மூச்சுச் சத்தமும் கேட்டன.

"யாரும்மா நீ? ராங் நம்பரு," என்றார் அஞ்சம்மாள்.

குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. ஆனால் அவர் போனை வைக்கவில்லை.